நெருங்கியவர் பெயர் எழுதும் கட்டம்

ஜனவரி 9

அன்புள்ள தங்கைக்கு அக்கா எழுதிக்கொண்டது. நலம் என்று எழுதிப் பழகிய கை இந்தத் தடவை சும்மா நிற்கிறது. நீயும் உன் வீட்டுக்காரரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். போனில் சொல்லலாம் என்றால் உனக்குக் காது கேட்காது. நான் கத்தினால் மருமகள் கேட்பாள், பிறகு தெருவே கேட்கும். அதனால் எழுதுகிறேன்.

எனக்குக் காசநோய். போன மாதம் நீ வந்திருந்தபோது இருமிக்கொண்டே இருந்தேனே, அதுதான். சளியை ஒரு டப்பாவில் பிடித்துக் கொடுத்தேன். நான்காம் நாள் காலையில் நகர சுகாதார ஆபீஸிலிருந்து ஒரு பெண் வந்தாள். ஆய்வாளராம். முகக்கவசமும் தோள்பையுமாக வாசலிலேயே நின்று, பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் மெதுவாகப் பேசினாள். அந்த மரியாதையை நான் மறக்க மாட்டேன். மரியாதை கெட்டவர்களையும் நான் மறப்பதில்லை என்பது உனக்குத் தெரியும்.

கையில் மூன்று தாள். முதல் தாள் எனக்கு. சளியில் கிருமி இல்லை என்று ஆபீஸ் சொல்லும் வரை நான் வேலைக்குப் போகக் கூடாது. மீறினால் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் வைக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டாம். இரண்டாவது என் முதலாளிக்கு. நோயைச் சாக்காக வைத்து என்னை நிறுத்தக் கூடாது. மூன்றாவது ஒரு ஃபாரம். எங்கள் பைண்டிங் கடையில் பதினாறு பக்கமாக மடித்த தாளைத்தான் ஃபாரம் என்போம். இவளுடைய ஃபாரம் ஒரே பக்கம். அதில் ‘நெருங்கியவர்கள்’ என்று ஒரு பெரிய கட்டம்.

“உங்களுக்கு நெருங்கினவங்க யார் யாருன்னு சொல்லுங்கம்மா. ஒருத்தரையும் விட்டுடாதீங்க.”

மகன், மருமகள், நாலு வயசுப் பேத்தி என்றேன். பத்து நாள் வந்து என் பக்கத்தில் படுத்திருந்த உன்னையும் சொன்னேன்.

“வேலை பாக்கற இடத்துல?”

“கீழ அச்சு ஓட்டறவங்க மூணு பேர். டீ குடிக்கறப்ப பேசுவேன்.”

“மேல, உங்க ரூம்ல?”

“எனக்கு நெருங்கினவங்க அங்க ஒருத்தரும் இல்ல.”

நான் சொன்னது பொய்யா? மேல் அறையில் எனக்கு எதிரே உட்கார்ந்து புத்தகம் தைப்பவள் யார் என்று உனக்குத் தெரியும். அந்த ஜன்னல்காரி. அவளை நான் ஆளாக எண்ணி ஒன்பது வருஷம் ஆகிறது. முதலாளியின் வருகைப் பதிவிலும் அவள் பெயர் கிடையாது, கூலிக்குத் தைக்கிறவள். ஆக என் சொல்லும் பதிவும் ஒத்துப்போயின. ஆய்வாளர் தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டாள்.

உன் ஊர் ஆபீஸிலிருந்தும் ஆள் வரும். பயப்படாதே. தினமும் அவளே வந்து நான் மாத்திரை விழுங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் போகிறாள். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்குத் தங்கை எழுதுவது. நீ மாத்திரை விழுங்குகிறாய் என்று படித்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. நாங்கள் நலம்.

உன் கடிதத்துக்கு முன்னாலேயே ஆபீஸ்காரர் வந்துவிட்டார். எனக்கும் இவருக்கும் நெஞ்சுப் படம் எடுத்து, சளியும் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. இவர்தான் மூன்று நாள் முகக்கவசத்தோடே தூங்கினார். குறட்டை மட்டும் அதையும் மீறி என் காதுக்கே கேட்டது.

வந்தவரிடம் கேட்டேன்: “நெருங்கினவங்கன்னு எங்கக்கா என் பேரைச் சொன்னாளா? அவ அவ்வளவு பாசமெல்லாம் காட்ட மாட்டாளே.”

அவர் சிரித்துவிட்டு என் காதுக்குள் கத்தினார்: “பாசத்தையெல்லாம் நாங்க அளக்கறதில்லம்மா. மூடின ரூம்ல மணிக்கணக்கா ஒரே காத்தை இழுத்தவங்க யாரோ அவங்கதான் நெருங்கினவங்க. சண்டைக்காரங்களா இருந்தாலும் சரி.”

எதிர் வீட்டுக்கும் சேர்த்து விளங்கிவிட்டது.

அக்கா, உன் கடிதத்தை எடுத்து இரண்டாம் தரம் படித்தேன். ஜன்னல்காரியை விட்டுவிட்டாய். அந்த மேல் அறைக்கு நான் வந்திருக்கிறேன். நீ நூலை இழுத்தால் அவள் தலையை ஒதுக்க வேண்டும், அவ்வளவுதான் இடம். ஆபீஸ் கேட்டது வேறு, நீ பதில் சொன்னது வேறு. நாளைக்கு அந்தப் பெண் வரும்போது அவள் பெயரைச் சொல்லிவிடு.

பேத்திக்கு என் முத்தம். எட்ட நின்று கொடு.

உன் தங்கை


பிப்ரவரி 2

அன்புள்ள தங்கைக்கு அக்கா எழுதுவது. இருமல் பாதியாகக் குறைந்திருக்கிறது. உன் முழங்கால் வலி எப்படி?

மாத்திரை தின்ற மறுநாள் சிறுநீர் செங்கல் கரைத்த மாதிரி போயிற்று. சரி, இத்தோடு முடிந்தது என்று மகனைக் கூப்பிட்டு என் பெட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டேன். ஆய்வாளர் வந்து, “மாத்திரையோட நிறம்மா அது, முதல் நாளே சொன்னேனே” என்றாள். சொல்லியிருக்கிறாள். என் ஆயுசில் நான் மறந்துபோனது இது ஒன்றாகத்தான் இருக்கும். சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

மருமகள் ஜனவரி பதினொன்றாம் தேதி காலையில் எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்தாள். ஆய்வாளரே பார்த்துவிட்டு, “தட்டுலயெல்லாம் ஒட்டாதும்மா, மூச்சுலதான். ஜன்னலைத் திறந்து வைங்க, அது போதும்” என்றாள். மருமகள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். தேதியை எழுதி வைக்கவில்லை. எழுதாமலே இருக்கும்.

பேத்திக்கு நோய் இல்லை, ஆனாலும் வராமலிருக்க மாத்திரை. பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுக்கிறார்கள். நடையில் நின்று எனக்கு நாக்கை நீட்டிக் காட்டிவிட்டுப் போகிறாள்.

அச்சுக்காரர் எங்கள் வீட்டு ஜன்னலோரம் வந்து பேசிவிட்டுப் போனார். வேலை குவிந்து கிடக்கிறதாம். ஜன்னல்காரி இன்னும் இருமிக்கொண்டுதான் இருக்கிறாளாம். அது அவளுடைய பழைய விளையாட்டு. அக்டோபரிலிருந்தே நான் இருமினால் எதிரே அவளும் இருமுவாள், என்னைக் கேலி செய்வதற்கு. இப்போது நான் இல்லாதபோதும் இருமுகிறாள் என்றால் எவ்வளவு வன்மம் இருக்க வேண்டும்.

நீ கேட்டிருந்ததைப் பற்றி வேறு சமயம் எழுதுகிறேன். முழங்காலுக்கு எண்ணெய் தடவு.

உன் அக்கா


பிப்ரவரி 9

அக்கா, முழங்கால் கிடக்கட்டும். நாங்கள் நலம்.

நீ இல்லாத அறையில் அவள் யாரைக் கேலி செய்ய இருமுகிறாள்? இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுது. வேறு எதையும் எழுதாதே, தட்டு, டம்ளர் எதுவும் வேண்டாம்.

மாத்திரையை விடாதே.

தங்கை


பிப்ரவரி 16

தங்கைக்கு. நான் நலம். உன் நலத்தை நீதான் எழுத வேண்டும், எழுத மனமிருந்தால்.

என்னைவிட ஏழு வயது சின்னவள் எனக்குக் கேள்வித்தாள் அனுப்புகிறாய். உனக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை. ஜூன் பதினான்கு, புதன்கிழமை, காலை பதினோரு மணி. முப்பத்தெட்டு ஃபாரம் உள்ள புத்தகம். மூன்று நாளாக ஒவ்வொரு ஃபாரமாக வரிசைப்படி எடுத்து அடுக்கி மேஜை நிறைய வைத்திருந்தேன். “புழுங்குது” என்று சொல்லி அவள் ஜன்னலைத் திறந்தாள். அடித்த காற்றில் இருநூறு புத்தகத்துத் தாளும் அறை முழுக்கப் பறந்தது. முதலாளி மேலே ஏறி வந்தார். “நான் ஜன்னல் பக்கமே போகல” என்று என் முகத்துக்கு நேரே பொய் சொன்னாள். கீழே உள்ள ஆட்கள் எல்லாரும் பார்க்க என்னைத் திட்டினார். நான் மூன்றாம் வகுப்பு படித்தவள், பக்க எண்ணைத் தப்பாக அடுக்கியதாக இருபத்து மூன்று வருஷத்தில் ஒரு சொல் கேட்டதில்லை. அன்று கேட்டேன்.

இனி அவள் பெயர் என் நாக்கில் வராது என்று அன்றைக்குச் சத்தியம் செய்தேன். முதலாளியிடம் சொல்லி அந்த ஜன்னலுக்கு ஆணியும் அடிக்க வைத்தேன். அந்த வாயால் இப்போது அவள் பெயரைச் சொல், அவள் நல்லதுக்காகச் சொல் என்கிறாய்.

அவளுக்கு ஒன்றும் இல்லை. மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போகிறாள், மார்ச் ஐந்தாம் தேதி ரயிலுக்கு. என்னிடம் சொல்வாளா, டிசம்பரில் அச்சுக்காரரிடம் சொல்லும்போது காதில் விழுந்தது. எட்டு வருஷம் கழித்து உண்டான பிள்ளையாம். நோய்க்காரி அப்படியெல்லாம் பயணம் கிளம்புவாளா?

இதைப் பற்றி இனி எழுதாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மார்ச் 2

அன்புள்ள தங்கைக்கு. இரண்டு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. எழுதாதே என்றால் உடனே கேட்டுவிடுவாயா? இந்த அறுபது வருஷத்தில் வேறு எதில் என் பேச்சைக் கேட்டாய்? நீ நலமாக இருந்தால் சரி.

சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி இருபத்தேழாம் தேதி பேத்தி மாத்திரைக்கு அடம் பிடித்து அழுதாள். நோயில்லாத குழந்தையை ஏன் படுத்துகிறாய் என்று ஆய்வாளரிடம் கோபப்பட்டேன்.

“சின்னக் குழந்தைங்களுக்குத்தாம்மா இது சீக்கிரம் பரவும். கைக்குழந்தைன்னா மூளைக்கே போயிடும். ஒரு வாரம் தூக்கி வெச்சுக் கொஞ்சினாப் போதும்.”

“பிறந்து நாலஞ்சு நாள்தான் ஆச்சுன்னா?”

அவள் பையை மூடிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். “யார் வீட்டுல பிறக்கப்போகுது?”

மாத்திரை விழுங்கிய தண்ணீர் டம்ளரில் மிச்சம் இருந்தது. அதைக் குடித்தேன். பிறகு, பெயர் ஒன்றை விட்டுவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

எனக்கு எதிரே நாலு சாண் தூரத்தில் ஒருத்தி, காலை ஒன்பதரை முதல் மாலை ஆறு மணி வரை. ஆணி அடித்த ஜன்னல். அக்டோபர் பதினொன்றாம் தேதி அவளுக்கு வறட்டு இருமல் ஆரம்பம். நவம்பர் கடைசியில் சளி. மத்தியானத்துக்கு மேல் கன்னம் சிவக்கும், ஐந்து மணிக்குச் சால்வையைத் தேடுவாள். டிசம்பர் மூன்றாம் தேதியிலிருந்து சாப்பாட்டு டப்பாவில் பாதி அப்படியே திரும்பிப் போகும். ரவிக்கையின் பக்கத் தையலை இரண்டு தடவை பிடித்திருக்கிறாள். முதல் தடவை வீட்டு நூல். இரண்டாவது தடவை புத்தகம் தைக்கிற நூல், அதுவும் நடுங்கின கைத் தையல்.

ஆய்வாளர் எழுதுவதை விட்டுவிட்டு என்னையே பார்த்தாள். “பதினோரு வருஷமா இந்த வேலை பாக்கறேன். பொண்டாட்டியைப் பத்திப் புருஷன்கூட இவ்வளவு சொன்னதில்ல. இவங்களையா நெருங்கினவங்க இல்லன்னு சொன்னீங்க?”

“விரோதிம்மா. விரோதியைப் பாக்காம வேற யாரைப் பாக்கறது?”

“பேரு?”

“பேரு வாயில வராது.”

“உங்க முதலாளியைக் கேட்டா மேல ரூம்ல வேற யாருமே இல்லம்பார், போன தடவையும் அதான் சொன்னார். கீழ இருக்கறவங்களும் அவருக்குப் பயந்து அதையேதான் சொல்வாங்க. அந்தம்மா இப்ப கடைக்கு வர்றாங்களா?”

“வெள்ளிக்கிழமையோட நின்னுட்டா. மூட்டை கட்டணுமில்ல.”

“அப்ப எந்தத் தெரு, எந்தக் கதவுன்னு நான் எங்க போய்த் தேடறது? கதவைத் தட்டிக் கூட்டிட்டுப் போக எனக்கு அதிகாரம் இருக்கு. ரயிலை விட்டு இறக்கக்கூட அதிகாரம் இருக்கு. உங்க வாயைத் திறக்கறதுக்கு மட்டும் எந்தச் சட்டத்துலயும் இல்லம்மா.”

நடையில் பேத்தி ஒருவழியாக மாத்திரையை விழுங்கிவிட்டு விக்கிக்கொண்டிருந்தாள். அந்த விக்கலை எண்ணிக்கொண்டே இருந்தேன். ஏழாவது விக்கலில் சொன்னேன். பெயரைச் சொன்னேன். தெருவைச் சொன்னேன், வீட்டின் பச்சைக் கதவையும் சொன்னேன். ஒன்பது வருஷத்துக்கு அப்புறம் அந்தப் பெயர் வாயில் எப்படியோ இருந்தது, வேறு யாருடைய பல்லையோ மாட்டிக்கொண்ட மாதிரி.

“நான் சொன்னேன்னு அவளுக்குத் தெரியக் கூடாது.”

“தெரியாது. அதைக் காப்பாத்தறதும் என் வேலைதான்.”

என்ன ஆயிற்று என்று இன்னும் தெரியவில்லை. ரயிலுக்கு மூன்று நாள் இருக்கிறது. ஒரு வரி எழுது.

உன் அக்கா


மார்ச் 9

என் அக்காவுக்கு. நலமாக இருக்கிறேன், பேசாமல் இருந்ததில் கொஞ்சம் இளைத்திருக்கிறேன்.

இரண்டு வாரமாக ஏன் எழுதவில்லை என்று கேட்டாய். எழுதினேன். உனக்கு இல்லை, உன் ஊர் சுகாதார ஆபீஸுக்கு. உன் மேல் அறை, ஜன்னல்காரி, ரயில் எல்லாம் எழுதித் தபால்தலையும் ஒட்டினேன். போட்டால் நீ இந்த ஜன்மத்தில் என்னோடு பேச மாட்டாய். போடாவிட்டால் ஒரு பச்சைக் குழந்தை. தினமும் தபால் பெட்டி வரைக்கும் நடந்து போய்த் திரும்பி வந்தேன். இவர் என் முழங்காலைப் பார்த்துவிட்டு, “ஒண்ணு போட்டுடு, இல்ல கிழிச்சுடு. நடக்காத” என்றார்.

மார்ச் நாலாம் தேதி வரைக்கும் பொறுப்பது, அதற்கு மேல் இவரை விட்டுப் போனில் சொல்ல வைப்பது என்று முடிவு செய்திருந்தேன். நல்ல பிள்ளை என்று என்னை நினைத்துவிடாதே. நீ சொல்லாமல் இருந்திருந்தால் நான் சொல்லியிருப்பேன்.

அன்றைக்கே உன் கடிதம் வந்தது, நீயே சொல்லிவிட்டாய். அந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். அவள் என்ன ஆனாள்?

உன் தங்கை


மார்ச் 27

அன்புள்ள தங்கைக்கு அக்கா எழுதுவது. என் சளியில் கிருமி இல்லை. தாள் வந்துவிட்டது, மாத்திரை மட்டும் ஜூலை வரைக்கும். உன் முழங்கால் இனி தபால் பெட்டிக்கு நடக்க வேண்டாம்.

அவளுக்கு இருந்தது. என்னைவிட அதிகமாக இருந்ததாம். ஆய்வாளர் என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை, நான் மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தேன். அச்சுக்காரர்தான் சொன்னார். மார்ச் நாலாம் தேதி காலையில் அவள் வீட்டுக்குத் தாள் போயிருக்கிறது. ஊரை விட்டுப் போகக் கூடாது, பிறந்த குழந்தை இருக்கும் வீட்டில் தங்கக் கூடாது. ரயில் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு சுகாதார ஆபீஸ் படியில் உட்கார்ந்து, “எம் பொண்ணு தனியா இருக்கா, எம் பொண்ணு தனியா இருக்கா” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாளாம். மத்தியானம் வரைக்கும் சொன்னாளாம். அந்த ஆய்வாளர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாளே தவிர தாளைத் திரும்ப வாங்கவில்லை.

மார்ச் பத்தாம் தேதி பெண் குழந்தை. இருவரும் சுகம். அந்தத் தேதியும் என் மனசில் ஏறிவிட்டது. இதுவரை நான் வைத்திருக்கிற தேதியெல்லாம் எனக்கு மற்றவர்கள் செய்தது. இது நான் செய்தது.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். ஆபீஸ் உத்தரவுப்படி ஜன்னலில் ஆணியைப் பிடுங்கிவிட்டார்கள். ஒன்பது வருஷமாக அவள் கேட்டதை நகராட்சி முத்திரை போட்டுக் கொடுத்திருக்கிறது. தாள் பறக்காமல் இருக்க ஒவ்வொரு அடுக்கின் மேலும் பழைய ஈயக் கட்டிகளை வைத்திருக்கிறேன். ஒரு தாள்கூடப் பறக்கவில்லை. இதை அன்றைக்கே செய்திருக்கலாம், யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றவில்லை.

அவள் பாதியில் விட்ட புத்தகம் எதிரே அப்படியே இருக்கிறது. நான் தொடவில்லை. சாப்பிட்டுத் தூங்கு.

உன் அக்கா


மே 15

எதிரே உட்காருகிறவளுக்கு,

மகள் எழுதித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்று நானே எழுதுகிறேன். நீ சௌக்கியம் என்று அச்சுக்காரர் சொன்னார், அதனால் கேட்கவில்லை.

நீதான் சொன்னாய். அந்த ஆய்வாளர் பெண் காட்டிக் கொடுக்கவில்லை, அவள் மேல் பழி வேண்டாம். ஆனால் என் வாசலில் நின்று, “ரவிக்கையை ரெண்டு தடவை பிடிச்சீங்களாம்மா?” என்று கேட்டாள். என் மகளுக்கே தெரியாத விஷயம். உலகத்தில் என் தையலை உற்றுப் பார்க்கிற கண் ஒரே ஜோடிதான்.

நெருங்கியவர்கள் யார் என்று என்னையும் கேட்டாள். யோசிக்காமல் உன் பெயரைத்தான் சொன்னேன். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று அவளைக் கேட்டேன். “அதுக்கு எங்க ஃபாரத்துல கட்டமே இல்லம்மா” என்றாள்.

மே ஏழாம் தேதி எனக்குத் தாள் கிடைத்தது. எட்டாம் தேதி ரயில் ஏறினேன். மாத்திரைக்காக நம் ஊர் ஆபீஸிலிருந்து இந்த ஊர் ஆபீஸுக்கு எனக்கு முன்னாலேயே காகிதம் வந்திருந்தது. குழந்தையைப் பார்த்தபோது அதற்கு அறுபது நாள். முதல் அழுகை, முதல் குளியல், கண் திறந்து பார்த்தது, எதிலும் நான் இல்லை. என் மகள் வலியில் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். அதிலும் நான் இல்லை.

இங்கே உள்ள டாக்டரிடம் என் தாள்களைக் காட்டினேன். படித்துவிட்டுக் குழந்தையைப் பார்த்தார். “மார்ச்ல நீங்க இந்த இருமலோட வந்திருந்தா, இன்னிக்கு இந்தக் குழந்தை இப்படிக் கால் உதைச்சுட்டு இருக்காது” என்றார்.

நன்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. அந்த அறுபது நாளை நினைத்தால் உன்னை என்ன செய்தாலும் தகும் என்று இருக்கிறது. குழந்தை கையைப் பிடித்தால் வேறு மாதிரி இருக்கிறது. இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுத எனக்குத் தெரியவில்லை.

ஜன்னலைத் திறந்தது நான்தான். பொய் சொன்னேன். உடம்பைப் பார்த்துக்கொள் என்று எல்லாரும் முடிப்பார்கள், அதனால் நானும்.

உனக்கு எதிரே உட்காருகிறவள்


மே 30

அன்புள்ள தங்கைக்கு. நலம். ஜன்னல்காரியிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. இதோடு வைத்திருக்கிறேன், படித்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பி அனுப்பு.

பதில் எழுத நாலு தடவை உட்கார்ந்துவிட்டேன். ஆரம்பமே வரவில்லை. அன்புள்ள என்று போட்டால் அவள் சிரிப்பாள். போடாவிட்டால் திட்டுவாள். என்ன செய்ய?

உன் அக்கா


ஜூன் 6

அக்காவுக்கு. நலம். கடிதம் இத்துடன். படித்துவிட்டு இவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார், தூசியாம்.

ஆரம்பம் வராவிட்டால் நடுவிலிருந்து எழுது. பக்கத்தை அடுக்குகிறவள் நீ, எங்கே வைக்க வேண்டும் என்று பிறகு பார்த்துக்கொள். ஆனால் எழுது. இன்னும் ஒரு மாதம் ஆறப்போட்டால் நானே எழுதிவிடுவேன். எனக்குத் தபால்தலை ஒட்டத் தெரியும்.

தங்கை


ஜூன் 19

எதிரே உட்காருகிறவளுக்கு,

நான் நலம். நீ நலமா? சும்மா கேட்கவில்லை. ஆய்வாளர் உன்னைப் பற்றி வாய் திறக்க மாட்டேன் என்கிறாள், அதனால் உன்னிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. பதில் எழுது. எனக்கு இன்னும் பதினெட்டு நாள் மாத்திரை. உனக்குச் செப்டம்பர் வரைக்கும். சரியாகிவிட்டது என்று நடுவில் ஒரு நாள்கூட நிறுத்தாதே. நிறுத்தினால் எனக்குத் தெரியாது, ஆனாலும் நிறுத்தாதே.

நீ திறந்தது ஒரு நாள். நான் மூடியது ஒன்பது வருஷம். ஆணி அடிக்கச் சொன்னது நான்தான், உனக்குத் தெரியும். அந்த அறையில் நாம் இருவரும் ஒரே காற்றைத் திருப்பித் திருப்பி இழுத்துக்கொண்டிருந்தது என்னால். யாரிடமிருந்து யாருக்கு என்பதற்கு அவர்கள் ஃபாரத்தில் கட்டம் இல்லாமல் இருக்கலாம். இதை நான் சொல்லியாக வேண்டும்.

அறுபது நாளைப் பற்றி எழுதியிருந்தாய். அதை என்னால் திருப்பித் தர முடியாது. உன் மகள் உன்னைக் கூப்பிட்டதைப் படித்த பிறகு இரண்டு நாள் எனக்கு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. அப்படியும் நேற்று என்னையே கேட்டுப் பார்த்தேன், மறுபடி அந்தப் பெண் வந்து பெயரைக் கேட்டால் என்ன செய்வாய் என்று. அன்றைக்கு மாதிரி பேத்தியின் விக்கலை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டேன், உடனே சொல்லிவிடுவேன். ஆகவே மன்னிப்புக் கேட்கவில்லை. கோபப்படு. நன்றாக இருந்து, நாலு வேளை சாப்பிட்டு, ரவிக்கையைப் பிரித்து விட்டுக்கொண்டு கோபப்படு. அந்தக் குழந்தையும் வளர்ந்து யார் மேலாவது கோபப்படட்டும்.

கடை விஷயம். ஆய்வாளர் முதலாளியின் மேஜைப் பக்கத்தில் நின்றுகொண்டே வருகைப் பதிவில் உன் பெயரை ஏற்ற வைத்துவிட்டாள். உன் பேருக்கும் முதலாளிக்கு ஒரு தாள் வந்திருக்கிறது, உன்னை நிறுத்த முடியாது. தற்காலிகமாக ஒருத்தியை உட்கார வைத்திருக்கிறார்கள். வேலைக்குக் குறை இல்லை, ஆனால் நாள் முழுக்கப் பாட்டு முணுமுணுக்கிறாள், நான் என்ன சொன்னாலும் “சரிங்கம்மா” என்கிறாள். எனக்குப் பிடிக்கவில்லை.

ஆயிரத்து நூறு பக்கத்தில் பெரிய வேலை ஒன்று வரப்போகிறது. ஆகஸ்ட் முதல் வாரம் ஆரம்பம். அதற்குள் வந்துவிடு. வரும்போது கோபத்தை மகள் வீட்டில் விட்டுவிட்டு வராதே, கையோடு கொண்டு வா. என்னிடமும் ஒன்பது வருஷத்துக்கு இருக்கிறது, தேதிவாரியாக. தைத்துக்கொண்டே பேசலாம்.

குழந்தையை எனக்காக ஒரு தடவை தூக்கு.

உனக்கு எதிரே உட்காருகிறவள்